கப்பலேறாத வீடு

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தின் எதிரே நின்றுகொண்டு என் மனைவி கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். மிகவும் சாதாரணமான கேள்வி. "ஏங்க, இந்த வண்டியோடேயே அந்தப் பக்கம் போக முடியாதா?" என்றாள். அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் என்றால் கொழும்பு. சுமார் 150 கடல் மைல் தூரம். இந்த வண்டி என்றால் எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், இந்த வயதில் இவர்களுக்கு என்ன பைத்தியம் என்று வாசகர்கள் நினைக்கக்கூடும்.

கனடாவில் இருக்கிற என் நண்பரின் மகனும் மருமகளும் சென்ற வருஷம் ஒரு மோட்டார் வீட்டை ஓட்டிக்கொண்டு கடற்கரை ஓரமாகவே பத்து நாள் பிரயாணம் செய்தார்கள். வீடு என்றால் வீடேதான். படுக்கை, அடுப்பு, குளிக்கிற இடம் எல்லாம் சக்கரத்தின் மேல் இருக்கின்றன. நடுவில் கடல் குறுக்கிட்டதாம். வண்டியை நேரே கப்பலின் வயிற்றுக்குள் ஓட்டி நிறுத்திவிட்டு, மேல் தளத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, மறுகரை வந்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்களாம். அந்தப் போட்டோக்களை நண்பர் எங்களுக்குக் காட்டினார். என் மனைவி ஒரே ஒரு போட்டோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அதில் மலையோ கடலோ இல்லை. கப்பலின் வாய் திறந்திருக்கிறது. அதற்குள் வண்டிகள் வரிசையாகப் போகின்றன. அவ்வளவுதான் படம்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை. நம் ஊரிலும் இப்போது இந்த வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. ஆறு நாளைக்கு ஒன்றை அமர்த்தினோம். சாத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் ஓட்டிக்கொண்டு வந்தான். நாங்கள் உள்ளே மெத்தையில் படுத்துக்கொள்ள, அவன் முன் சீட்டில் காலை மடக்கிக்கொண்டு தூங்கினான். உல்லாசப் பிரயாணம் என்று நாம் எதைச் சொன்னாலும் அதில் ஒருவன் இப்படி முன் சீட்டில் மடங்கிக் கிடக்கிறான். அது வேறு விஷயம். இருந்தாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

திருச்செந்தூர், மணப்பாடு பார்த்துவிட்டு வடக்கே திரும்பினோம். தமிழ்நாட்டில் கேரவன் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு என்பது வேம்பாரில் தெரிந்தது. வண்டியை நிறுத்திப் பத்து நிமிஷம் ஆகவில்லை, இருபது பையன்கள் கூடிவிட்டார்கள். "உள்ளே எந்த நடிகர்?" என்று கேட்டார்கள். நடிகர் யாரும் இல்லை என்று சொன்னால் நம்பவில்லை. கடைசியில் என் மனைவி கரண்டியும் கையுமாகக் கதவைத் திறந்தாள். அவளைப் பார்த்த ஏமாற்றத்தில் அந்தக் கூட்டம் கலைந்த வேகத்தை நான் எந்த அரசியல் கூட்டத்திலும் கண்டதில்லை.

போகட்டும். அவள் ஏன் அந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டாள்?

என் மனைவி பிறந்தது அப்புத்தளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1964 அக்டோபரில் சிரிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து கிள்ளியவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் யோசிப்பது என்று தீர்மானம். சந்தையில் ஆட்டைப் பிரிக்கிறவன்கூட எந்தக் குட்டி எந்தத் தாயுடையது என்று பார்த்துத்தான் பிரிப்பான். இங்கே அதுவும் இல்லை. என் மாமனார் இந்தியாவுக்கு மனுப் போட்டார்; அவருடைய தங்கை இலங்கைக்கு மனுப் போட்டாள். 1972-இல், ஏழு வயதில், என் மனைவி இரண்டு தகரப் பெட்டிகளோடு தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலில் ஏறி ராமேசுவரத்தில் இறங்கினாள். அப்புறம் மண்டபம் முகாம். அப்புறம் ஒரு நூற்பாலை ஊர்.

கிளம்புகிற அன்று அவள் தாயார் வீட்டு அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வர வேண்டுமென்று அழுதாளாம். "இந்தியாவில் கல்லுக்கா பஞ்சம்?" என்று மாமனார் அதட்டிவிட்டார். கல் அத்தை வீட்டில் தங்கிவிட்டது. அத்தைக்கு இப்போது எண்பதுக்கு மேல் வயது. டெலிபோனில் பேசும்போதெல்லாம், "அம்மி அப்படியே இருக்கு தாயி, வந்து எடுத்துக்கிட்டுப் போ" என்கிறாள். ஆகாய விமானத்தில் அம்மிக்கல்லை எடுத்து வர முடியாது. எடை போட்டுப் பணம் கேட்பார்கள். கேட்கிற பணத்தில் நூறு அம்மி வாங்கலாம். ஆனால் சக்கரத்தின் மேல் ஒரு வீடு, அதைச் சுமக்க ஒரு கப்பல் என்று இருந்தால், படுக்கைக்கு அடியில் அம்மியை வைத்துக்கொண்டு, முன் சீட்டில் அத்தையையும் உட்கார வைத்துக்கொண்டு வந்துவிடலாம். போட்டோவில் அவள் பார்த்தது அதைத்தான்.

இதை ஒரு குடும்பத்தின் ஆசாபாசம் என்று தள்ளிவிடுகிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய சமாசாரம் சொல்கிறேன்.

1876-இல் தூத்துக்குடிக்கு ரெயில் வந்தது. அந்த ரெயிலின் மறுமுனை உண்மையில் கொழும்புதான். நடுவில் ஒரு கப்பல், அவ்வளவுதான் வித்தியாசம். 1914-இல் பாம்பன் பாலம் போட்டதும் வழி தனுஷ்கோடிக்கு மாறிற்று. எழும்பூரில் ஒரே ஒரு டிக்கட் வாங்கினால், ரெயில், கப்பல், மறுபடி ரெயில் என்று கொழும்புக் கோட்டை வரை போகலாம். போட் மெயில் என்று அந்த வண்டிக்குப் பெயர் வந்ததே அதனால்தான். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயல் தனுஷ்கோடியை ஒரு ரெயிலோடு சேர்த்து விழுங்கிற்று. அப்படியும் கப்பல் நிற்கவில்லை, ராமேசுவரத்திலிருந்து ஓடிற்று. புயலுக்கு அசையாத கப்பலை நிறுத்தியவர்கள் மனிதர்கள். 1980-களில் அங்கே சண்டை மூண்டது. இங்கே கப்பல் நின்றது. சண்டை 2009-இல் முடிந்துவிட்டது. எழும்பூரிலிருந்து ராமேசுவரம் போகிற ரெயிலை இன்னும் போட் மெயில் என்றுதான் ஜனங்கள் சொல்கிறார்கள். போட் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வந்த பிறகு நடந்த கதை. அதற்கு முந்தியும் இந்தக் கடல் யாருக்கும் மதிற்சுவராக இருந்ததில்லை. கொற்கை முத்தைப் பற்றிக் கிரேக்க மாலுமி எழுதி வைத்திருக்கிறான். தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு அங்கே முத்தெடுத்தார்கள் என்கிறான். சிப்பி படிந்த பார்கள் இரண்டு கரையிலும் உண்டு. இந்தக் கரையில் சலாபம் இல்லாத வருஷத்தில் அந்தக் கரையில் இருக்கும். மரிச்சுக்கட்டியில் 1905-இல் நடந்த பெரிய சலாபத்துக்கு இந்தப் பக்கத்துக் குளியாட்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கீழே மூழ்கியவனின் கயிற்றை மேலே பிடித்துக்கொண்டிருப்பவன் அவனுடைய மைத்துனனாக இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் சொல்வார்கள். மற்றவனை நம்பி உயிரைக் கொடுக்க முடியாது; தங்கை தாலியறுப்பாள் என்ற பயம் மைத்துனனுக்குத்தான் இருக்கும். தூத்துக்குடியில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961-இல். அதன் பிறகு சங்கு எடுத்தார்கள், முத்து எடுக்கவில்லை.

அதே 1961-இல்தான் 'கப்பலோட்டிய தமிழன்' படம் வந்தது. பார்த்து அழாதவர்கள் இல்லை. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தினார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வாங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே ஓட்டினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கட்டணமே வேண்டாம், ஏறுகிறவனுக்குக் குடையும் தருகிறோம் என்றதாகச் சொல்வார்கள். 1908-இல் பிள்ளையைச் சிறையில் போட்டார்கள். 1911-இல் கம்பெனி முழுகிற்று. நமக்கு இதெல்லாம் மனப்பாடம். செக்கைச் சொன்னால் கண்ணில் ஜலம் வரும். ஆனால் ஒன்று கேட்கிறேன்: அவர் கப்பல் ஓட்டியது எதற்கு? சிலை வைப்பதற்கா? துணி மூட்டையோடும் கருவாட்டு மூட்டையோடும் கொழும்புக்குப் போகிற சாதாரண ஜனங்களை நம்மவர் கப்பலில், நம்மவர் கட்டணத்தில் ஏற்றிச் செல்லத்தான் ஓட்டினார்.

2011-ஆம் வருஷத்தின் தொடக்கத்தில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். நல்ல காரியம். அந்த ஜூன் 13-ஆம் தேதி கொழும்புக்குப் பிரயாணிக் கப்பலும் விட்டார்கள். மத்திய மந்திரி கொடியசைத்தார். கப்பலின் பெயர் ஸ்கோஷியா பிரின்ஸ். ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம். நவம்பரில் அது நின்றுவிட்டது. ஐந்து மாதம்!

அந்தக் கப்பலின் பூர்வோத்தரத்தை விசாரித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 1972-இல் கட்டிய கப்பல். 1982 முதல் 2004 வரை அமெரிக்காவின் போர்ட்லாண்டுக்கும் கனடாவின் யார்மவுத்துக்கும் நடுவே ஓடியது. எதற்காக ஓடியது தெரியுமா? கார்களையும் மோட்டார் வீடுகளையும் ஏற்றிச் செல்வதற்காக! என் மனைவி போட்டோவில் பார்த்தாளே, வாய் திறந்து வண்டிகளை விழுங்குகிற கப்பல், அதே ஜாதியைச் சேர்ந்தது. இருபத்திரண்டு வருஷம் அந்தக் கரைத் தம்பதிகளையும் அவர்கள் வண்டிகளையும் சுமந்தது. 2005-இல் அங்கே கத்ரீனா புயல் அடித்தபோது வீடிழந்த ஊருக்கு மிதக்கும் சத்திரமாக நின்றது. நம்மிடம் வந்து ஐந்து மாதத்தில் களைத்துப் போயிற்று. அடுத்த வருஷம் சிட்டகாங்கில் உடைத்து இரும்பாக விற்றுவிட்டார்கள்.

பிரயாணிகள் வரவில்லை, நஷ்டம் என்கிறார்கள். வரமாட்டார்கள்தான். கால் நூற்றாண்டு பூட்டிக் கிடந்த கடையை ஒரு நாள் காலையில் திறந்து வைத்துவிட்டு, மாலையில் வாடிக்கை இல்லை என்று மூடுகிறவனை வியாபாரி என்று யார் சொல்வார்கள்? ஒரு கிராமத்துக்கு டவுன் பஸ் விட்டால்கூட அது ஜனங்களுக்குப் பழக ஒரு வருஷம் ஆகிறது. நஷ்டத்தைப் பற்றிப் பேசுகிற இதே சர்க்கார் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பல் விடுகிறது. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு விடுகிறது. அங்கே லாப நஷ்டக் கணக்கை யாரும் முகத்தில் எறிவதில்லை. அது நம் நாடு, இது வேற்று நாடு என்று சிலர் சொல்லக்கூடும். ஆமாம், வேற்று நாடுதான். அந்த வேற்று நாட்டில் இருக்கிற அத்தையை நம்மிடமிருந்து பிரித்து அங்கே வைத்ததும் இந்தச் சர்க்கார் போட்ட கையெழுத்துத்தானே?

குஜராத்தைப் பாருங்கள். கோகாவுக்கும் ஹசீராவுக்கும் நடுவே 2020 நவம்பரில் ஒரு கப்பலை விட்டார்கள். தரைவழி 370 கிலோமீட்டர். கடல் வழி 90. லாரியே ஏறுகிறது, கார் ஏறாதா? அதற்கு முந்தி தஹேஜுக்கு விட்ட கப்பல் மண் தூர்ந்து நின்று போயிற்று. அதற்காக அவர்கள் கையை உதறிக்கொண்டு உட்காரவில்லை. இடத்தை மாற்றி மறுபடியும் விட்டார்கள். இங்கே மண்ணும் தூரவில்லை. தூத்துக்குடியில் பெரிய பெரிய கப்பல்கள் வந்து நிற்கிற ஆழம் இருக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டாயிற்றே என்று கேட்கலாம். விட்டார்கள், வாழ்த்துகிறேன். 2023 அக்டோபர் 14-இல் விட்டு அதே மாதத்தில் நிறுத்தி, 2024 ஆகஸ்டு 16-இல் மறுபடி விட்டார்கள். நூற்றைம்பது பேர் உட்காரும் படகு. மழைக் காலம் வந்தால் நிற்கும். வண்டி ஏறாது. யாழ்ப்பாணத்துக்காரருக்கு அது ஒரு வழிதான், மறுக்கவில்லை. மலைநாட்டிலிருந்து வருகிற கிழவி தீவின் வடகோடி வரை ரெயிலில் போய் ஏற வேண்டும். அவளுக்குக் கொழும்பு பக்கம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2023 ஜூனில் சென்னையிலிருந்து ஓர் உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்குப் போயிற்று. நீச்சல் குளமும் நாட்டிய மண்டபமும் உள்ள கப்பல். அதற்குப் பாதுகாப்புப் பிரச்னை இல்லை, சுங்கப் பிரச்னை இல்லை. நாட்டியம் பார்த்துக்கொண்டு போகிறவனுக்குத் திறக்கிற கடல், மூட்டையோடு போகிறவனுக்கு மூடிக்கொள்கிறது. நானும் நடுத்தர வர்க்கத்தான்தான்; நீங்களும் அப்படித்தான். நாம் கேட்டால் சர்க்கார் எதைக் கொடுக்கும் என்பதற்கு இது அத்தாட்சி. நாம் கேட்டது நீச்சல் குளம்.

கடத்தல் பெருகும் என்று ஓர் அதிகாரி என்னிடம் சொன்னார். பீடி இலை மூட்டை மூட்டையாக இந்தக் கரையிலிருந்து ராத்திரியில் போகிறது என்பது பத்திரிகை படிக்கிற எல்லாருக்கும் தெரியும். எந்தக் கப்பலில் ஏறிப் போகிறது? கப்பலே இல்லாதபோதுதானே போகிறது! ராஜபாட்டையை அடைத்துவிட்டு, குறுக்குச் சந்தில் திருடன் நடமாடுகிறான் என்று அலறுவது என்ன நியாயம்? 2022-இல் இலங்கையில் அரிசியும் பாலும் கிடைக்காமல் போனபோது, குழந்தை குட்டிகளோடு ஜனங்கள் கள்ளப் படகுக்குப் பணம் கொடுத்து ஏறி வந்தார்கள். தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டுக்களில் இறக்கிவிட்டுப் படகுக்காரர்கள் போய்விட்டார்கள். வெயிலில் தண்ணீரில்லாமல் அந்தத் திட்டில் நின்றவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பக்கம் அண்ணன், தங்கை இருந்தார்களோ!

பாலம் போட்டுவிடலாம் என்று ஒரு கட்சி உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கோடி கோடியாகச் செலவு, இருபத்தோரு தீவுகளும் பவழமும் உள்ள கடல், இரண்டு நாட்டு அரசியல், எல்லாம் சேர்ந்து என் பேரன் காலத்திலும் அது முடியாது. கப்பலுக்குப் பாலம் வேண்டாம். இரண்டு கரையிலும் துறை இருக்கிறது. இரண்டு நாட்டிலும் வண்டி இடது பக்கமாகவே ஓடுகிறது. வண்டியோடு எல்லை தாண்டுகிறவர்கள் ஜாமீன் கட்டிக் கையில் வைத்துக்கொள்கிற புத்தகம் ஒன்று உலகமெங்கும் வழக்கத்தில் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு காரியாலயத்தில் போய் விசாரித்தேன். அங்கே இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார், வண்டியை எதிலே ஏத்துவீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் எழுந்து வந்துவிட்டேன்.

பழைய துறைமுகத்தில் அன்று ஒரு தோணியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாலத் தீவுக்குப் போகிற தோணி. வெங்காய மூட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின. புதுத் துறைமுகத்தில் இரும்புப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு கப்பல்கள் கொழும்புக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன; அங்கே பெரிய கப்பலுக்கு மாற்றி உலகமெங்கும் அனுப்புகிறார்கள். உப்புக்குப் போக வழி இருக்கிறது, நூலுக்கும் வெங்காயத்துக்கும் வழி இருக்கிறது. என் மனைவி மூட்டைகளை எண்ணிக்கொண்டு நின்றாள். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

மறுநாள் ராமேசுவரம் தாண்டி அரிச்சல்முனை வரை வண்டியை ஓட்டிக்கொண்டு போனோம். 2017-இல் போட்ட நல்ல ரோடு. ரோடு முடிகிற இடத்தில் வண்டிகள் வட்டமடித்துத் திரும்புகின்றன. அங்கிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர். மதுரை நகருக்குள் ஒரு நாளைக்கு அதைவிட அதிகமாகச் சுற்றுகிறோம். கடலை முதுகில் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்ள ஜனங்கள் முண்டியடித்தார்கள். என் மனைவி இறங்கவே இல்லை. டிரைவர் பையனைக் கூப்பிட்டு, படுக்கைக்கு அடியில் இருக்கிற பலகை எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்டாள்.

"என்ன வைக்கணும்மா?" என்றான் அவன்.

"ஒரு அம்மி, குழவி."

"தாராளமாத் தாங்கும்மா. எங்கே இருக்கு? எடுத்திட்டு வந்துடவா?" என்று கேட்டு, அவன் கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கிவிட்டான்.